எளிதில் கூசும் உடலுக்கு முதல் வைப்ரேட்டர்: பார்த்து வாங்குவது எப்படி

பாலின்பத்துக்கான அதிர்வுக் கருவியான வைப்ரேட்டரை விற்கும் பக்கங்கள் எதைத் திறந்தாலும் பலத்தைப் பற்றித்தான் பேச்சு. இருபது வித அதிர்வு, அதிவேக மோட்டார், இதைவிட வலுவானது வேறில்லை என்று. லேசாகத் தொட்டாலே கூசுகிற, கொஞ்சம் உரசினாலே எரிகிற உடல் உள்ள ஒருவருக்கு இதில் ஒன்றும் உதவாது. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: இந்தக் கருவி எவ்வளவு மெதுவாகத் தொடங்கும்? பெரும்பாலான விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. அதனால் முதல் முறை வாங்குகிறவர் பலமான ஒன்றை வாங்கி, ஒரு நிமிடத்தில் அணைத்துவிட்டு, 'நம் உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று ஒதுக்கிவிடுகிறார். பெரும்பாலும் உடம்பில் எந்தக் குறையும் இருக்காது. தேர்வுதான் தவறியிருக்கும்.

இது வயதுவந்த பெண்களுக்காக, முதல் முறை வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. திருமணமானவரா இல்லையா, துணை இருக்கிறாரா இல்லையா என்பதெல்லாம் இதற்குப் பொருட்டில்லை.

முதலில்: உங்கள் கூச்சம் எந்த வகை?

'எனக்கு சென்சிட்டிவ்' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால் அதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. கடைக்குப் போகும் முன் உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேலும் இருக்கலாம்.

ஒன்று, தோல் கூச்சம். வாசனை சோப்பு, வாசனை சானிட்டரி நாப்கின், புது உள்ளாடை என்று எதைப் பயன்படுத்தினாலும் அரிப்போ எரிச்சலோ வருகிறதா? கவரிங் நகை போட்டால் காது புண்ணாகிறதா? ரப்பர் கையுறை போட்டால் கை தடிக்கிறதா? இவர்களுக்குப் பிரச்சினை அதிர்வில் இல்லை, கருவி செய்யப்பட்ட பொருளிலும் அதோடு பயன்படுத்தும் வழவழப்புத் திரவத்திலும்தான்.

இரண்டு, நரம்புக் கூச்சம். தோல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் யோனிவாயிலுக்கு மேலே இருக்கும் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸின் மொட்டை நேராகத் தொட்டால் இன்பத்துக்குப் பதில் சுருக்கென்று தூக்கிப்போடும். சிலருக்குத் தொடக்கத்தில் மட்டும் அப்படி இருக்கும், சிலருக்கு எப்போதும். இது மிகச் சாதாரணமான விஷயம். அமெரிக்காவின் ஓரிகன் சுகாதார, அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் கிளிட்டோரிஸுக்குப் போகும் நரம்பிழைகளை எண்ணிப் பார்த்தபோது சராசரியாகப் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தன. அத்தனையும் வந்து சேருவது ஒரு சிறிய இடத்தில். அந்த இடம் கூசாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. வெளியே தெரியும் மொட்டு அந்த உறுப்பின் நுனி மட்டுமே. ஆஸ்திரேலிய சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓகானல் 1998-ல் வெளியிட்ட ஆய்வு, உறுப்பின் பெரும்பகுதி உள்ளே, யோனியின் இரு பக்கங்களிலும் பரவியிருப்பதை விரிவாகக் காட்டியது. ஆகவே மொட்டை நேரடியாகத் தொடாமல், சுற்றியுள்ள பகுதியின் மேல் மென்மையாக வைத்தாலும் அதிர்வு உள்ளே போய்ச் சேரும். கூசும் உடலுக்கு வழி இதுதான்.

மூன்று, வலி. உள்ளே விரலோ டாம்பனோ நுழையும்போது தசை தானாக இறுகிக்கொள்வது, வெளிப்புறத்தில் காரணம் தெரியாத எரிச்சல் மாதக்கணக்கில் நீடிப்பது, மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி, வெள்ளைத் திட்டுகளோடு வரும் கடும் அரிப்பு. இவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. தசை இறுகுவதை வெஜைனிஸ்மஸ் என்பார்கள். இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்கள் இதற்கு நல்ல சிகிச்சை தருகிறார்கள். மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சிக்கு மருத்துவர்கள் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவதுண்டு. வெள்ளைத் திட்டு அரிப்பு லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. இவற்றில் எதையும் வைப்ரேட்டரை வைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வலியைத் தாங்கிப் பழகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். வலிக்கும் என்று உடல் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டால் தசை இன்னும் அதிகமாக இறுகும்.

பிரசவமோ அறுவை சிகிச்சையோ முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தாலும், கர்ப்ப காலத்தில் இரத்தக்கசிவு இருந்தாலும், தொற்று இருக்கும்போதும் வாங்கலாம், பயன்படுத்துவதைத் தள்ளிப்போடுங்கள். மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்கலாம்.

நீரிழிவு நீண்ட நாளாக இருப்பவர்களுக்கும், சில மனச்சோர்வு மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இதற்கு எதிரான சிக்கல் வரலாம்: உணர்ச்சி மங்கும். அப்போது 'இன்னும் பலமானது வாங்கலாமா' என்று தோன்றும். அழுத்தம் அதிகமாகி, தெரியாமலேயே தோல் புண்ணாக வாய்ப்புண்டு. மருந்தின் அளவைப் பற்றி எழுதித்தந்த மருத்துவரிடம் பேசுவது முதல் வேலை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கன்னித்திரை பற்றிய பயம்

இதைக் கேட்கத் தயங்குபவர்கள் நிறைய. வெளியே வைத்துப் பயன்படுத்தும் வைப்ரேட்டர் உள்ளே போவதே இல்லை, எனவே கன்னித்திரையோடு அதற்குத் தொடர்பே கிடையாது. உள்ளே செலுத்துவதாக இருந்தாலும், அந்தச் சவ்வு ஆளுக்கு ஆள் வேறுபடும், நீண்டு கொடுக்கும். ஒரு பெண் உறவு கொண்டிருக்கிறாளா என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் மனித உரிமை, பெண்கள் அமைப்புகளும் 2018-ல் சேர்ந்து இதை அறிவித்து, கன்னித்தன்மைப் பரிசோதனையை எல்லா நாடுகளும் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டன. இந்தப் பயம் ஒன்றுக்காகத் தயங்கிக்கொண்டிருந்தால், அதை இங்கேயே விட்டுவிடலாம்.

பொருள்: எதை நம்பலாம், எதைத் தவிர்க்கலாம்

கூசும் தோலுக்கு நுண்துளை இல்லாத பொருள் வேண்டும். துளையிருந்தால் கிருமியும் சோப்பும் உள்ளே தங்கும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது.

முதல் தேர்வு சிலிக்கான். மருத்துவத் தரச் சிலிக்கான் என்று பெட்டியில் இருப்பது மட்டும் போதாது, '100 சதவீதம் சிலிக்கான்' என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். 'சிலிக்கான் கலந்தது', 'சிலிக்கான் போன்ற மென்மை' என்பதெல்லாம் வேறு பொருளை மறைக்கும் வார்த்தைகள். அடுத்தது ஏபிஎஸ் என்னும் கடினமான பிளாஸ்டிக். அழுத்தினால் கெட்டியாக இருக்கும், ஆனால் தோலுக்குப் பெரும்பாலும் தொந்தரவு தராது, விலையும் குறைவு.

தவிர்க்க வேண்டியவை ஜெல்லி, ரப்பர், மென்மையான பிவிசி, டிபிஇ, டிபிஆர் என்ற பெயர்களில் வருபவை. மென்மையான பிவிசியில் வளைந்துகொடுப்பதற்காகத் தாலேட் என்ற ரசாயனங்கள் சேர்க்கப்படுவது உண்டு. டிபிஇ எல்லாமே நச்சு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் துளைகள் உண்டு, கூசும் தோலுக்கு அது பொருந்தாது. பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடை வாடை அடித்தாலோ, பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ அதை உடம்பில் வைக்காதீர்கள். நல்ல சிலிக்கானுக்கு ஏறக்குறைய வாசனையே இருக்காது.

கவரிங் நகை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கருவிகளின் கைப்பிடியில் தங்க நிற வளையமோ முலாம் பூசிய பட்டனோ இருக்கும். காதைப் புண்ணாக்கும் நிக்கல் அதிலும் இருக்கலாம். உடலைத் தொடும் பகுதியில் உலோகமே இல்லாததாகப் பாருங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள், கருவியின் மேல் ஆணுறை மாட்டிப் பயன்படுத்துவதாக இருந்தால் லேட்டக்ஸ் இல்லாத ஆணுறையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பொருட்களுக்கென்று 2021-ல் ஐஎஸ்ஓ 3533 என்ற உலகத் தரநிலை வந்திருக்கிறது. பிறப்புறுப்பைத் தொடும் பொருட்களின் வடிவமைப்பும் பாதுகாப்பும் எப்படியிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. பின்பற்றுகிறோம் என்று ஒரு தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

மோட்டார்: இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள்

அதிர்வு எல்லாம் ஒன்றல்ல. மிகச் சிறிய மோட்டார் பெரும்பாலும் வேகமாகச் சுழலும். அந்த அதிர்வு தோலின் மேற்பரப்பிலேயே நின்று, ரீங்காரம் போல அரிக்கும். சற்றே பெரிய மோட்டார் மெதுவாகச் சுழன்றாலும் ஒவ்வொரு அசைவும் ஆழமாக இருக்கும். அது தோலைத் தாண்டி உள்ளே பரவும். நரம்புக் கூச்சம் உள்ளவர்களில் பலருக்கு முதல் வகை எரிச்சலையும் மரத்துப்போன உணர்வையும் தரும், இரண்டாவது இதமாக இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கருவியை உள்ளங்கையில் பிடித்து ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். கையில் அரிப்பும் குறுகுறுப்பும் தங்கினால் அது மேற்பரப்பு அதிர்வு. அதிர்வு மணிக்கட்டு வரை உணரப்பட்டு, அணைத்ததும் கை பழையபடி இருந்தால் அது ஆழமான வகை.

வேகத்தை வைத்து மட்டும் பலத்தை எடைபோட முடியாது. உலகிலேயே பிரபலமான 'மேஜிக் வாண்ட்' 1968-ல் ஹிட்டாச்சி நிறுவனம் மசாஜராகக் கொண்டுவந்தது. அதன் மின்கம்பி மாதிரியில் இரண்டே வேகம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000, 6,000 சுற்று. எண்ணைப் பார்த்தால் பல குட்டிக் கருவிகளைவிட மெதுவானதுதான். ஆனால் தலை பெரியது, அசைவு அகலமானது. ஆகவே அதன் குறைந்த வேகமே பலருக்குத் தாங்க முடியாதது. கூசும் உடலுக்கு முதல் கருவியாக சுவர்ப் பிளக்கில் செருகி ஓடும் வாண்டை (கைப்பிடியும் பெரிய தலையும் உள்ள இந்த வகையை) நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரியில் ஓடும், பல நிலைகள் உள்ள சிறிய வாண்ட் என்றால் பரவாயில்லை, துணி மடித்து வைத்துத் தொடங்கலாம்.

அப்புறம் அந்த 'பத்து மோடு' விளம்பரம். அதைப் பிரித்துப் பார்த்தால் அநேகமாக மூன்று வேகமும் ஏழு தாளக்கட்டும் இருக்கும். விட்டுவிட்டு அதிர்வது, ஏறி இறங்குவது போன்றவைதான் தாளக்கட்டு. உங்களுக்குத் தேவை வேகத்தின் நிலைகள். மூன்று நிலை உள்ளதைவிட எட்டு நிலை உள்ளது நல்லது, ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான தாவல் சிறியதாக இருக்கும்.

பட்டனையும் பாருங்கள். ஒரே ஒரு பட்டன் உள்ள கருவியில், வேகம் கூடிப்போனால் குறைக்க முடியாது, மீதி எல்லா மோடுகளையும் தாண்டி ஒரு சுற்று வரவேண்டும். கூசும் நேரத்தில் அது பெரும் தொல்லை. கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று என்று தனித்தனிப் பட்டன் இருப்பதையே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் இது ஒன்றுக்காகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

தொடக்க நிலை எவ்வளவு மென்மை என்பதை வாங்கும் முன் அறிய ஒரு வழி இருக்கிறது. வாங்கியவர்களின் மதிப்புரையில் ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு, குறை சொல்பவற்றைப் படியுங்கள். 'முதல் இரண்டு வேகமும் ஒன்றுமே தெரியவில்லை, ரொம்ப மெது' என்று பலர் புகார் சொல்லியிருந்தால், அது உங்களுக்கான கருவி. 'குறைந்த வேகமே சூப்பர் பவர்' என்று புகழ்ந்திருந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

நிரந்தரமாக மரத்துப்போகுமோ என்ற கவலையும் பலருக்கு உண்டு. அதிக நேரம் அதிர்வு பட்டால் தற்காலிகமாக மரக்கும், சிறிது நேர ஓய்வில் திரும்பிவிடும். அமெரிக்காவில் 18 முதல் 60 வயது வரையிலான 2,056 பெண்களிடம் எடுக்கப்பட்டு 2009-ல் வெளியான இண்டியானா பல்கலைக்கழக ஆய்வில், வைப்ரேட்டர் பயன்படுத்தியவர்களில் 71.5 சதவீதம் பேர் பிறப்புறுப்பில் எந்தப் பக்கவிளைவும் ஒருபோதும் வந்ததில்லை என்றார்கள்.

வடிவம்

முதல் கருவிக்கு என் பரிந்துரை, உள்ளங்கைக்குள் அடங்கும், கூழாங்கல் போன்ற சிலிக்கான் வைப்ரேட்டர். பரப்பு அகலமானது, எனவே அதிர்வு ஒரு புள்ளியில் குவியாது. மொட்டின் மேலே மூடியிருக்கும் தோலின் மீதோ, பக்கவாட்டிலோ, உள்ளாடைக்கு மேலோ வைத்துக்கொள்ளலாம். கை நகர்ந்தாலும் திடீரென்று கூசும் இடத்தில் குத்தாது.

புல்லட் என்று விற்கப்படும் விரலளவுக் கருவி விலை மலிவு, ஒளித்து வைக்கவும் சுலபம். ஆனால் நுனி கூர்மை, மோட்டார் சிறிது. நரம்புக் கூச்சம் உள்ளவருக்கு இரண்டுமே பாதகம். தோல் கூச்சம் மட்டும் உள்ளவர் வாங்கலாம்.

காற்றழுத்தத்தில் வேலை செய்யும் வகை 2014-ல் ஜெர்மனியில் வுமனைசர் என்ற பெயரில் வந்தது. இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. ஒரு சிறிய குழிவான வாய், மொட்டைத் தொடாமல் அதைச் சுற்றி அமர்ந்து, காற்றலைகளை அனுப்பும். நேரடியாகத் தொடாததால் இதுவே கூசும் உடலுக்குச் சிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். உரசல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது அருமை. ஆனால் அந்தக் காற்றலை முழுக்க மொட்டின் மேலேயே குவிகிறது, அதனால் நரம்புக் கூச்சம் உள்ள சிலருக்குத் தாங்காது. வாங்குவதானால் வாய் அகலமானதாக, நிலைகள் நிறைய உள்ளதாக எடுங்கள். இரண்டாவது கருவியாக வாங்குவது இன்னும் நல்லது.

உள்ளே செலுத்தும் வகை முதல் கருவியாகத் தேவையே இல்லை. வேண்டும் என்று தோன்றினால் அளவைக் கவனமாகப் படியுங்கள். சில பக்கங்கள் விட்டத்தைக் கொடுக்கும், சில சுற்றளவைக் கொடுக்கும். சுற்றளவு 12 சென்டிமீட்டர் என்றால் விட்டம் ஏறக்குறைய 3.8. புதியவருக்கு அது பருமன். விரல் பருமனில், 2 சென்டிமீட்டரை ஒட்டிய விட்டத்தில் தொடங்குவது பாதுகாப்பு. உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் அதிரும் 'ராபிட்' வகை பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் வெளியே அதிரும் கிளை உங்கள் உடலமைப்புக்குச் சரியான இடத்தில் அமர்வது நிச்சயமில்லை, நகர்த்தவும் முடியாது. வெஜைனிஸ்மஸ் உள்ளவர்களுக்கு இவை எதுவும் வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும், படிப்படியாகப் பருமன் கூடும் டைலேட்டர் குழல்களின் தொகுப்புதான் அவர்களுக்கு ஏற்றது.

ஆசனவாய்க்கு என்றால் அகன்ற அடிப்பகுதி உள்ளதைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக்கூடாது, உள்ளே இழுக்கப்பட்டு மாட்டிக்கொள்ளும். அங்கே பட்டதைக் கழுவாமல் முன்பக்கம் கொண்டுவரவும் கூடாது.

வழவழப்புத் திரவம்

கூசும் உடலுக்குக் கருவியைவிட இதுதான் முக்கியமோ என்று சில சமயம் தோன்றும். வறண்ட தோலில் எந்த நல்ல வைப்ரேட்டரும் எரிச்சல் தரும். லூப் எனப்படும் இந்தத் திரவம் நீர் சார்ந்ததாக இருக்கட்டும். சிலிக்கான் சார்ந்த லூப், சிலிக்கான் கருவியின் பரப்பைக் கெடுக்கக்கூடும்.

நீர் சார்ந்தது எல்லாமே நல்லதல்ல. யோனியின் இயல்பான பிஹெச் (அமிலத்தன்மை) அளவு 3.8 முதல் 4.5 வரை. அதற்கு நெருக்கமாக இருப்பது வேண்டும். இன்னொன்று, திரவத்தின் அடர்வு, அதாவது அதில் கரைந்திருக்கும் பொருட்களின் அளவு. மிக அடர்த்தியான லூப், தோல் செல்களிலிருந்து நீரை உறிஞ்சி வெளியே இழுக்கும், பூசியபோது வழவழப்பாக இருந்தது பிறகு எரியும். உலக சுகாதார நிறுவனம் 2012-ல் கொடுத்த ஆலோசனையில், இந்த அடர்வு ஒரு கிலோவுக்கு 380 மில்லி ஆஸ்மோலுக்குள் இருப்பது சிறந்தது, 1,200-ஐத் தாண்டவே கூடாது என்றது. பாட்டிலில் பெரும்பாலும் இந்த எண் இருக்காது. பொருட்பட்டியலைப் படியுங்கள். கிளிசரின், புரொபிலின் கிளைக்கால் இரண்டும் பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் அடர்வு அதிகம் என்று கொள்ளலாம். வாசனை, சுவை, சூடேற்றும் உணர்வு, குளிர்ச்சி, மரத்துப்போகச் செய்யும் மருந்து சேர்ந்தவை எதுவும் வேண்டாம். குறிப்பாக மரக்கச் செய்வது ஆபத்து. வலிதான் நிறுத்து என்று சொல்லும் சமிக்ஞை, அதை அணைத்துவிட்டால் காயம் ஆவதே தெரியாது.

புது லூப்பை முழங்கையின் உள்மடிப்பில் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் பயன்படுத்தலாம்.

வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் இருக்கிறதே என்ற கேள்வி கட்டாயம் வரும். வெளிப்புறத் தோலுக்குப் பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. ஆனால் லேட்டக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும், உள்ளே போனால் சுலபத்தில் வெளியேறாது, அடிக்கடி தொற்று வருபவர்களுக்கு நல்லதல்ல. நீர் சார்ந்த லூப் ஒரு சிறிய பாட்டில் வாங்கிவிடுவது நிம்மதி.

வாங்கும்போது

இந்தியாவில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை. விற்பனையும் விளம்பரமும் ஆபாசம் பற்றிய சட்டப் பிரிவுகளுக்குள் வந்துவிடலாம் என்பதால்தான் 'பர்சனல் மசாஜர்' என்ற பெயரில், படமில்லாத பெட்டிகளில் விற்கிறார்கள். 2024-ல் மும்பை உயர் நீதிமன்றம், உடல் மசாஜர்களை ஆபாசப் பொருள் என்று சுங்கத்துறை பறிமுதல் செய்ததை ஏற்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனம்: ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, மலேசியா போன்ற இடங்களுக்குப் பெட்டியில் போட்டு எடுத்துப்போனால் சிக்கல் வரும். வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

பெரிய இணையச் சந்தைகளில் நல்ல நிறுவனங்களின் போலிகள் ஏராளம். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலோ, அவர் தன் தளத்தில் பெயர் குறிப்பிட்ட விற்பனையாளரிடமோ வாங்குங்கள். முத்திரை திறந்த பின் திருப்பி எடுக்க மாட்டார்கள், அது சரியும்கூட. ஆகவே உத்தரவாதம் எவ்வளவு காலம் என்று முன்பே பாருங்கள். கூட்டுக்குடும்பமோ விடுதியோ என்றால், பார்சலின் மேல் என்ன பெயர் எழுதியிருக்கும், வங்கிக் கணக்கில் என்ன பெயர் வரும் என்று எழுதிக் கேட்கலாம். தயங்க வேண்டாம், அவர்களுக்கு இது தினமும் வரும் கேள்வி.

சத்தமும் யோசிக்க வேண்டியது. ஆழமான அதிர்வு காதுக்கு மெதுவாகக் கேட்டாலும், மரக்கட்டில் வழியாகப் பரவும். மெத்தையின் மேல் இருந்தால் அடங்கும். நீரில் நனைக்கலாமா என்பதை ஐபிஎக்ஸ் எண் சொல்லும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், குழாயடியில் கவலையில்லாமல் கழுவலாம். இந்த எண்ணே இல்லாததை வாங்காதீர்கள்.

போன் செயலியோடு இணையும் மாதிரிகள் புதியவருக்குத் தேவையில்லை. வீவைப் கருவிகளின் செயலி, பயன்படுத்தியவர்களின் அந்தரங்கத் தகவலை அவர்களுக்குத் தெரியாமல் சேகரித்தது என்று அதன் கனடா நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் வழக்கு வந்து, 2017-ல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பட்டனில் ஓடும் கருவிக்கு இந்தக் கவலையே இல்லை.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சார்ஜரை மார்புக்கு அருகே கொண்டுவராதீர்கள்.

முதல் முறை

வந்ததும் கழுவி, முழுதாக சார்ஜ் செய்து, உடை உடுத்தியபடியே பட்டன்களைப் பழகிக்கொள்ளுங்கள். எப்படிக் கூட்டுவது, குறைப்பது, உடனே அணைப்பது என்று கை தானாக அறிய வேண்டும். பல கருவிகளை அணைக்க பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு குறைந்த நிலையில் வைத்து மூக்கின் நுனியில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். அங்கே தாங்க முடியாமல் கண்ணில் நீர் வந்தால், கீழேயும் நேரடியாக வைக்க வேண்டாம், துணிக்கு மேல் தொடங்குங்கள். விரல் நுனியில் சோதித்தால் சரியாகத் தெரியாது, விரல் தோல் தடிமனானது.

கதவு பூட்டிய, அவசரமில்லாத நேரமாக இருக்கட்டும். உடல் தளர்ந்து, ஈரம் வந்த பிறகுதான் கருவி. முதலில் உள்தொடையில், பிறகு உள்ளாடைக்கு மேல், பிறகு பக்கவாட்டில். கருவியை அழுத்தாதீர்கள், அதன் எடை மட்டும் பட்டால் போதும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் முதல் நாள் வேண்டாம். உச்சக்கட்டம் வந்தே ஆகவேண்டும் என்ற இலக்கோடு தொடங்கினால் உடல் இறுகிக்கொள்ளும், அன்றைக்கு அறிமுகம் மட்டும் போதும். முடிந்த உடனே மொட்டு இன்னும் அதிகமாகக் கூசும், அது இயல்பு. அணைத்துவிடலாம்.

துணையோடு பயன்படுத்துவதாக இருந்தால், முதல் சில முறை கருவி உங்கள் கையில் இருக்கட்டும். எவ்வளவு போதும் என்பதை உங்கள் கைதான் அறியும். 'நிறுத்து' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்பதைப் பேசிக்கொண்டு தொடங்குங்கள்.

மறுநாள் கவனியுங்கள். லேசான சிவப்பு சில மணி நேரத்தில் போய்விட்டால் கவலையில்லை, இரண்டு நாள் இடைவெளி விட்டு இன்னும் மெதுவாக முயலலாம். எரிச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, கொப்புளம், இரத்தம், வாடையுள்ள வெள்ளைப்படுதல், சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பொருளும் லூப்பின் பெயரும் தெரிந்தால் அவருக்குக் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். முகம் சுளிக்கும் மருத்துவர் கிடைத்தால் வேறொருவரிடம் போக உங்களுக்கு உரிமை உண்டு.

கழுவுதல், வைத்தல்

பயன்படுத்தும் முன்னும் பின்னும் வெதுவெதுப்பான நீர், வாசனையில்லாத மென்மையான சோப்பு. கிருமிநாசினித் திரவம் வேண்டாம், எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் தங்கி அடுத்த முறை எரிக்கும். மோட்டார் உள்ளதைக் கொதிநீரில் போடக்கூடாது. சார்ஜர் துளையைச் சுற்றியும் மடிப்புகளிலும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுதாகக் காயவிட்டு, சுத்தமான பருத்தித் துணிப்பையில் தனியாக வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் பூஞ்சை வரும். இன்னொருவரோடு பகிர்வதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் புது ஆணுறை மாட்டுங்கள்.

மாதக்கணக்கில் எடுக்காமல் இருந்தாலும் இடையிடையே சார்ஜ் செய்துவையுங்கள், பேட்டரி கெடாது. சிலிக்கான் பிசுபிசுக்க ஆரம்பித்தாலோ, விரிசல் விட்டாலோ, சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடானாலோ அதோடு விட்டுவிடுங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் குப்பைத்தொட்டியில் போடாமல், பழைய போன் சார்ஜர் எல்லாம் எடுத்துக்கொள்ளும் மின்கழிவு மையத்தில் கொடுக்க வேண்டும். ஒரு காகிதத்தில் சுற்றி, மற்ற மின்கழிவோடு சேர்த்துப் போட்டால் யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.